பள்ளி மைதானமும் ஊரார் உரிமையும்

கல்வராயன் மலையில் சமதரை என்பது சுலபமாகக் கிடைக்கும் வஸ்து அன்று. சரிவும் வனமும் போக எஞ்சியதில் வயலும் வீடும் அமைந்துவிட, வாலிபர்கள் கூடிக் கபடிக்குக் கோடு கிழிப்பதற்கோ வலை கட்டிக் கைப்பந்து ஆடுவதற்கோ தகுந்த இடம், கரியாலூர் போன்ற மலையூர்களில் பெரும்பாலும் பள்ளிக்கூடத்து மைதானம் ஒன்றே. புதிதாக ஒன்று அமைப்பதும் எளிதன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபையின் பரிந்துரையின்பேரில், பொதுக் காரியங்களுக்காக ஒரு ஹெக்டேருக்குட்பட்ட வனநிலத்தை ஒதுக்க இடமளிக்கிறதாயினும், அது வரிசைப்படுத்தும் 13 காரியங்களில் பள்ளிக்கூடமும் சமுதாயக் கூடமும் உண்டேயன்றி விளையாட்டு மைதானம் தனியே இல்லை. ஆகவே, இருக்கின்ற மைதானத்தைப் பள்ளி நேரம் போக மற்ற வேளைகளில் ஊராரும் உபயோகிக்க வழிசெய்ய வேண்டும் என்பதும், அதை வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் செய்ய வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

முதல் உரிமை குழந்தைகளுடையது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு மைதானம் அவசியம் என்று விதித்தது மாணவர்களை உத்தேசித்தே. மலையிலோ, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் இரவும் பகலும் அங்கேயே வசிப்பதால், கடைசி மணி அடித்ததும் பள்ளி ஓய்ந்துவிடுவதில்லை. அந்த மாலை வேளைதான் அவர்கள் ஓடியாடும் வேளை. ஊராருக்கு நேரம் ஒதுக்குவோர் இதை மறக்கலாகாது.

ஊரார் மைதானத்தைக் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அனுமதியின்றி நுழையும் உரிமை இல்லை. திறந்துவிட்ட பிறகோ நிலைமை வேறு. அரசாங்கப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்களில் சாதி, மதம், பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி எவரையும் விலக்கலாகாது என்பது அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த ஒரு மலையின் மக்களுக்கு இந்த வாசகம் வெறும் ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடக் கூடாது. பெண்களும் சிறுமிகளும் ஆடுவதற்கென்று தனி நேரம் குறிக்கப்படாவிட்டால், பொது மைதானம் என்பது நடைமுறையில் ஆண்களின் மைதானமாகவே முடியும்.

பள்ளி மைதானத்தை ஊராருக்குத் திறந்துவிடுவது புதுமையும் அன்று. ஜப்பான் தேசம் 1961ஆம் ஆண்டிலேயே, படிப்புக்கு இடையூறில்லாத அளவில் பள்ளி மைதானங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட முயலவேண்டும் என்று சட்டத்தில் எழுதிவைத்தது. சிங்கப்பூரிலும் பள்ளி மைதானங்கள் பள்ளி நேரத்துக்குப் பின் பொதுமக்களின் உபயோகத்துக்கு விடப்படுகின்றன.

அபாயங்களையும் மறைக்காமல் சொல்லவேண்டும். விசேஷத்துக்குப் பந்தல் போட்டவர்கள் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு குழியை மூடாமல் போனால், மறுநாள் ஓட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளையின் கணுக்கால் பிசகும். ஈரத்தரையில் வண்டியை ஏற்றினால் பதிந்த தடம் காய்ந்து வரப்பாக நிற்கும். இரவில் குடித்து உடைத்த பாட்டில் சில்லு வெறுங்காலில் ஏறும். இவற்றினும் பெரிது, விடுதியில் வசிக்கும் குழந்தைகளை அந்நியர் நெருங்கும் அபாயம். ஆகையால் விடுதிக்கும் மைதானத்துக்கும் இடையே வேலியும் தனித்தனி வாசலும் வேண்டும். வருவோர் பெயரைப் பதிவேட்டில் குறிக்கவும் ஒருவர் வேண்டும். குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தவர் எவராயினும் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டளையிடுகிறது. 1098 என்ற இலவச எண்ணிலும் உதவி கோரலாம்.

மைதானத்தைத் திறந்துவிடக் கோருவோர் முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவை அணுகுவது உசிதம். அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். உபயோகிக்கும் நேரம், துப்புரவு, பழுதுக்குப் பொறுப்பு, மது விலக்கு, அனுமதியை ரத்து செய்யும் அதிகாரம் ஆகியவை அடங்கிய ஒப்பந்தத்தை எழுதி, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானமாக்கி, தலைமையாசிரியர் மூலம் துறை அதிகாரிக்கு அனுப்பலாம். பதில் வராவிட்டால் கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். அதன்பின்னும் மௌனமே நீடித்தால், மனு எந்த மேஜையில் நிற்கிறது என்று 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டியது அதிகாரியின் கடமை, தராவிட்டால் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.