வயிற்றுச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை

வயிற்றுச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சை என்பது அடிவயிற்றில் தொங்கும் மிகையான தோலையும் அதன் அடியிலுள்ள கொழுப்பையும் வெட்டி நீக்கி, தளர்ந்த வயிற்றுச் சுவரைத் தைத்து இறுக்கும் பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை ஆகும். இது மருத்துவத்தில் அப்டமினோபிளாஸ்டி என்றும், பேச்சு வழக்கில் டம்மி டக் என்றும் அழைக்கப்படுகிறது. மகப்பேற்றுக்குப் பின்னரும், பெருமளவு எடை குறைந்த பின்னரும் மீளாமல் தங்கிவிடும் தளர்ச்சியைச் சரிசெய்வதே இதன் நோக்கம். உடல் எடையைக் குறைப்பது இதன் நோக்கம் அன்று.

வயிற்றுச் சுவரின் அமைப்பு

வயிற்றின் முன்பகுதியில் தோல், தோலடிக் கொழுப்பு, தசைகள் என்பன அடுக்கடுக்காக உள்ளன. நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு நேர்த்தசைகள் இணையாகச் செல்கின்றன. இவற்றை இணைக்கும் நார்த்திசுப் பட்டை வெண்கோடு எனப்படும். கர்ப்ப காலத்தில் கருப்பை பெரிதாகும்போது இப்பட்டை அகன்று, தசைகள் விலகுகின்றன. மகப்பேற்றுக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் இவ்விலகல் குறைந்துவிடும். சிலருக்கு இடைவெளி நிலைத்துவிடுகிறது. பொதுவாக 2 செ.மீ.க்கு மேற்பட்ட இடைவெளி தசை விலகல் எனக் கொள்ளப்படுகிறது. சுவரில் துளை ஏதும் இல்லாததால் இது குடலிறக்கம் ஆகாது.

உடற்பயிற்சி தசைகளுக்கு வலுவூட்டும். விலகலையும் ஓரளவு குறைக்கலாம். ஆனால் மீள்தன்மையை இழந்த தோலைப் பயிற்சியால் சுருக்க இயலாது.

இருவகைக் கொழுப்பு

தொப்பைக்குக் காரணமான கொழுப்பு இரு இடங்களில் சேர்கிறது. தோலுக்கும் தசைக்கும் இடையில் இருப்பது தோலடிக் கொழுப்பு; இதைக் கையால் பிடிக்க முடியும். தசைச் சுவருக்கு உள்ளே குடலையும் கல்லீரலையும் சூழ்ந்திருப்பது உள்ளுறுப்புக் கொழுப்பு. இரண்டாம் வகை நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றுடன் மிகுந்த தொடர்புடையது உள்ளுறுப்புக் கொழுப்பே. தெற்காசியர்களிடம், உடல் எடை மிகையாக இல்லாதபோதும் இது கூடுதலாகச் சேரும் போக்கு காணப்படுகிறது.

இந்த அறுவைச் சிகிச்சை தோலடிக் கொழுப்பை மட்டுமே நீக்கும். மல்லாந்து படுக்கும்போதும் வயிறு தாழாமல் மேடாகவே நின்றால், உள்ளே கொழுப்பு மிகுதி என்பதற்கு அது ஓர் அறிகுறி. அத்தகையவருக்குச் சுவரை இறுக்கினாலும் வயிறு தட்டையாகாது. உணவுக் கட்டுப்பாடும் உடலுழைப்புமே அக்கொழுப்பைக் குறைக்கும். தோலடிக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பதால் நீரிழிவு குறைகிறதா என்று 15 பெண்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பு நீக்கப்பட்ட பின்னரும் இன்சுலின் செயல்பாட்டில் முன்னேற்றம் காணப்படவில்லை.

வரலாறு

அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் மகளிர் நோய் மருத்துவர் ஹோவர்ட் கெல்லி, தொங்கும் வயிற்றுக் கொழுப்பை வெட்டி நீக்கிய சிகிச்சையை 1899இல் பதிவு செய்தார். 1957இல் வெர்னான் என்பவர் தொப்புளை இடம் மாற்றிப் பொருத்தும் முறையை விவரித்தார். பிரேசில் நாட்டு மருத்துவர் ஈவோ பிடாங்கி 1967இல் வெளியிட்ட கட்டுரை, தழும்பு உள்ளாடைக்குள் மறையும் கிடைமட்ட வெட்டு முறை பரவ உதவியது.

செய்முறை

பொதுவாக முழு மயக்க நிலையில், 2 முதல் 4 மணி நேரம் வரை இச்சிகிச்சை நடைபெறும்.

1. அடிவயிற்றில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை வெட்டு இடப்படும்.
2. தோலும் கொழுப்பும் தசைச் சுவரிலிருந்து பிரிக்கப்பட்டு விலா எலும்பு நோக்கி உயர்த்தப்படும். தொப்புள் தன் காம்புடன் அதே இடத்தில் விடப்படும்.
3. விலகிய நேர்த்தசைகளின் உறைகள் நடுவில் இழுத்துத் தைக்கப்படும்.
4. தோல் கீழே இழுக்கப்பட்டு, மிகையான பகுதி வெட்டப்படும். தொப்புளுக்குப் புதிய துளை அமைக்கப்படும்.
5. தேங்கும் நீர் வெளியேறப் பெரும்பாலும் வடிகுழாய்கள் பொருத்தப்படும்.

தொப்புளுக்குக் கீழே மட்டும் தளர்ச்சி இருந்தால் சிறிய வெட்டு போதும். பெருமளவு எடை இழந்தவர்களுக்கு முதுகைச் சுற்றியும் தோல் நீக்க வேண்டியிருக்கலாம். லைப்போசக்‌ஷன் கொழுப்பை மட்டும் உறிஞ்சுவது. தோலையும் தசை விலகலையும் அது சரிசெய்யாது.

சிக்கல்கள்

அதிகம் காணப்படும் சிக்கல் தோலுக்கடியில் நீர் தேங்குதல் ஆகும். இரத்தக்கசிவு, நோய்த்தொற்று, அடிவயிற்றில் மரத்துப்போதல் ஆகியனவும் ஏற்படலாம். புகைப்பிடிப்போரின் தோலுக்கு இரத்த ஓட்டம் குறைவதால் வெட்டு ஓரங்கள் அழுகக்கூடும். எனவே குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே புகைப்பழக்கத்தை நிறுத்த வேண்டும்.

மிகவும் ஆபத்தானது கால் சிரைகளில் இரத்தம் உறைந்து நுரையீரலை அடைதல். இது உயிரைப் பறிக்கக்கூடியது. அதனால் அறுவைக்குப் பின் விரைவிலேயே நடக்க வைக்கின்றனர். கெண்டைக்கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மீட்சி

முதல் சில நாட்கள் சற்றுக் குனிந்தே நடக்க வேண்டியிருக்கும். வயிற்றில் இறுக்கமான கச்சை அணிய வேண்டும். அலுவலக வேலைக்குத் திரும்ப 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம். ஏறத்தாழ 6 வாரங்களுக்குக் கனமான பொருள்களைத் தூக்கக் கூடாது. கைக்குழந்தையைத் தூக்குவதற்கும் இது பொருந்தும். தழும்பு மங்க ஓராண்டு வரை ஆகலாம், முற்றிலும் மறையாது.

முடிவெடுக்கும் முன்

மேலும் குழந்தை பெற விரும்புவோர் இதைத் தள்ளிவைப்பது நல்லது. பின்னர் கருத்தரிப்பதற்குத் தடையில்லை எனினும், இறுக்கிய சுவர் மீண்டும் தளரக்கூடும். எடை குறைந்தது 6 மாதங்களாவது நிலையாக இருக்க வேண்டும். இந்தியாவில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் அறுவைப் பட்டம் பெற்றவரையும், அவசரச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையையும் தேர்வு செய்ய வேண்டும். அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சையின் செலவைப் பொதுவாக மருத்துவக் காப்பீடு ஏற்பதில்லை.