பழனிமலையும் கம்பிவட ஊர்தியும்

மலையுச்சியில் தெய்வத்தை வைத்து வழிபடுதல் எந்நாட்டார்க்கும் பொதுவானதொரு வழக்கம். கிண்டியிற் பிறந்து வளர்ந்த யான் அறிவு தோன்றிய நாள்முதற் கண்டுவந்த மலை பரங்கிமலையாகும். பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் பதினெட்டாம் நூற்றாண்டில் அதற்குக் கட்டுவித்த கற்படிகளில், ஆண்டுதோறும் தவக்காலத்தில் எம் வீட்டாருடன் ஏறுவதுண்டு. என் அன்னையார்க்கு மூட்டுவலி மிகுந்தபின், மறுபுறத்து வண்டிப்பாதை வழியே ஆட்டோவில் ஏறத் தொடங்கினோம். அவ்வாறு ஏறிய முதல்நாளில் என் பாட்டனார், 'படியேறாத வழிபாடு பாதி வழிபாடு' என்று முணுமுணுத்தது இன்றும் என் செவியில் உள்ளது. அவர் கூற்று மெய்தானோ என்னும் ஐயம் சென்ற மாசித் திங்களில் பழனிமலை சென்றபோது மீண்டும் என்னுள் எழுந்தது. அதனினும் பெரிய ஐயமொன்று அம்மலையின் உச்சியிற் காத்திருந்ததை யான் அப்போது அறிந்திலேன்.

பழனிக்குச் செல்ல நேர்ந்த காரணம் இது. எம் வகுப்பிற் பத்துப்பாட்டின் முதற்பாட்டாகிய திருமுருகாற்றுப்படை நடந்துகொண்டிருந்தது. அதில் நக்கீரர் முருகனுக்குரிய இடங்களை முறையே கூறி வருகையில் மூன்றாவதாக வைத்தது திருவாவினன்குடி. என் வகுப்புத் தோழன் ஒருவன் ஒட்டன்சத்திரத்தைச் சார்ந்தவன். 'ஆவினன்குடியை ஏட்டிலே படித்து என்ன பயன்? எங்கள் வீட்டுக்கு வா, நேரிலே காட்டுகிறேன்' என்று அழைத்தான். அவனுடைய அப்பத்தாவும் அப்போது மலைக்குச் செல்ல எண்ணியிருந்தார். ஆகவே மூவராகப் புறப்பட்டோம்.

பழனி என்னும் பெயர்க்கு மக்கள் கூறும் கதை யாவரும் அறிந்ததே. நாரதர் கொணர்ந்த கனி மூத்தவர்க்குக் கிடைக்க, இளையவர் சினந்து இம்மலைமேல் வந்து நின்றார் என்றும், 'பழம் நீ' என்று தேற்றியதே பழனியாயிற்று என்றும் கூறுவர். தமிழ் மாணாக்கராகிய நமக்கு மற்றொரு வழியும் உண்டு. அகநானூற்றின் முதற்செய்யுளில் மாமூலனார், ஆவி என்னும் குறுநில மன்னனது பொதினி என்னும் ஊரைக் குறிப்பிடுகின்றார். அப்பொதினியே பழனியென மருவிற்று என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகனும் அவ்வாவியர் குடியினனே. குளிரால் நடுங்குகின்றதென எண்ணி மயிலுக்குப் போர்த்தவன் ஆண்ட நாட்டில், மயிலூர்தியுடைய கடவுளுக்குக் கோயில் அமைந்திருத்தல் எத்துணை இயைபுடையது! கதையினும் இவ்வரலாறே எனக்கு இனித்தது. அப்பத்தாவிடம் இதனைக் கூறினேன். அவர் பொறுமையுடன் கேட்டுவிட்டு, 'இருக்கும் கண்ணு, ஆனாலும் பழம் நீ தான்' என்று முடித்துவிட்டார்.

நிற்க. ஆவினன்குடிக் கோயில் மலையடிவாரத்தில் உள்ளது. உச்சியிலிருப்பது தண்டாயுதபாணியின் கோயில். அவ்விறைவன் திருவுருவம் போகர் என்னும் சித்தர் நவபாடாணத்தால் அமைத்தது என்பர். மேற்கு நோக்கிய சந்நிதியாதலின், தம் நாட்டையே நோக்கி நிற்கின்றான் என்று மலையாள நாட்டார் பெருந்திரளாய் வருகின்றனர். மேலேறுதற்கு வழிகள் நான்கு. 693 படிகளையுடைய படிப்பாதை ஒன்று; சரிவு குறைந்து வளைந்து செல்லும் யானைப்பாதை ஒன்று; தண்டவாளத்தின்மீது எஃகு வடத்தால் இழுக்கப்படும் பெட்டியாகிய விஞ்சு மற்றொன்று. இது முதன்முதல் 1966-இல் அமைக்கப்பட்டது. நான்காவது, 2004-இல் இயங்கத் தொடங்கிய கம்பிவட ஊர்தி. இதனை 'ரோப்கார்' என்றே அங்குள்ளார் வழங்குவர்.

படிப்பாதையின் இடைவழியில் இடும்பன் சந்நிதி உண்டு. அகத்தியர் ஏவலால் சிவகிரி, சத்திகிரி என்னும் இரு மலைகளையும் தண்டொன்றின் இருபுறமும் கட்டித் தோளிற் சுமந்து வந்த இடும்பன், ஆவினன்குடியில் இறக்கி வைத்தபின் மீண்டும் எடுக்க இயலாது திகைத்தான் என்றும், அம்மலைமேல் நின்ற சிறுவனோடு பொருது வீழ்ந்து, பின் அவனருளாலே எழுந்தான் என்றும் புராணம் கூறும். காவடிக்கு மூலம் இவ்வரலாறே. ஆதலின் காவடி எடுப்போர் படிவழியே செல்கின்றனர். தைப்பூசத்திற்குச் செட்டிநாட்டினின்று நடந்தே வரும் நகரத்தார் காவடிகளையும், பங்குனி உத்திரத்திற்குக் கொடுமுடிக் காவிரிநீரைச் சுமந்துவரும் தீர்த்தக் காவடிகளையும் எண்ணுங்கால், பழனிக்குப் பெருமை உயரத்தினாலன்று, சுமையினாலேயே என்று தோன்றுகின்றது.

அப்பத்தா எழுபதைக் கடந்தவர். இளமையில் ஆண்டுக்கொருமுறை படியேறியவர். இப்போது முழங்கால் இடந்தராமையால் ஊர்தியில் ஏற உடன்பட்டார். தெற்குக் கிரிவீதியிலுள்ள நிலையத்தில் கைப்பேசிகளை ஒப்படைத்துவிட்டு, சீட்டுப் பெற்று வரிசையில் நின்றோம். நெடுநேரம் நிற்கவேண்டியிருந்தமையால் அப்பொறியின் இயக்கத்தைக் கூர்ந்து நோக்க வாய்ப்புக் கிட்டியது.

கிணற்றில் இராட்டினத்தின் இருபுறமும் குடம் கட்டி நீரிறைப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரு குடம் நிறைந்து மேலெழ, மற்றது வெறுமையாய்க் கீழிறங்கும். கம்பிவட ஊர்தியின் தத்துவமும் அதுவே. கீழ்நிலையத்திலும் மேல்நிலையத்திலும் பெருஞ்சக்கரம் ஒவ்வொன்று படுக்கையாக அமைந்துள்ளது. முறுக்கிய எஃகிழைகளாலாகிய வடமொன்று இரண்டினையும் சுற்றி முடிவில்லா வளையமாய் ஓடுகின்றது. இடையிடையே தூண்களில் உள்ள சிறு உருளைகள் அவ்வடத்தைத் தாங்குகின்றன. வடத்தைக் கவ்விய பிடிகளினின்று பெட்டிகள் தொங்குகின்றன. ஒருபக்கத்தில் நான்கு பெட்டிகள் ஏறும்போது மறுபக்கத்தில் நான்கு இறங்குகின்றன. இறங்குவோர் எடை ஏறுவோர் எடையைப் பெரும்பாலும் ஈடுசெய்தலின், மின்பொறி சுமக்க வேண்டுவது இரண்டிற்குமுள்ள வேறுபாட்டையும், உராய்வினால் நேரும் இழப்பையுமே. உச்சிமலையில் வழிபட்டு மீள்வோர், தாம் அறியாமலே அடிவாரத்தில் நிற்போரை மேலே தூக்குகின்றனர் என்று சொல்லலாம். இதனை என் தோழனிடம் கூறினேன். அவன், 'விஞ்ஞான வகுப்பிற் சேர்ந்திருக்க வேண்டியவனடா நீ' என்று நகைத்தான்.

இப்பொறிக்குப் பகை காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் காற்று ஆடித்திங்களில் மிக்க வன்மையுடன் வீசும். பெட்டிகள் ஊசலாடத் தொடங்கின் ஊர்தியை நிறுத்திவிடுவர். ஆண்டுக்கொருமுறை பல நாள்கள் நிறுத்தி, வடத்தையும் உருளைகளையும் பிரித்துச் சோதிக்கின்றனர். நாள்தோறும் பிற்பகலிற் சிறிதுநேர ஓய்வும் உண்டு. 2007-இல் இவ்வூர்தியில் நேர்ந்த விபத்தில் உயிர்கள் சில பலியானதை அறிந்தவர், அவ்வோய்வுக்காகக் காத்திருத்தலைக் குறைகூறார்.

எங்கள் பெட்டி நகர்ந்தவுடன் அப்பத்தா கண்களை இறுக மூடிக்கொண்டு 'முருகா, முருகா' என்று அரற்றலானார். எம்முடன் ஏறிய மலையாளத்துப் பெரியவர் ஒருவரும் அவ்வாறே செய்தார். யானும் தோழனும் மட்டும் கண்விழித்து நோக்கினோம். காலடியிற் பாறைகளும் புதர்களும் விலகிச் சென்றன. தெற்கே கோடைமலைத் தொடர் நீலச்சுவர் போல நின்றது. வையாபுரிக் குளமும் வயல்களும் ஒரு பக்கத்தே விரிந்தன. அப்பாற் படிப்பாதையில், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய மக்கள் எறும்பு வரிசைபோல் ஊர்ந்துகொண்டிருந்தனர். மூன்று நிமிடங்களில் மேலே இறங்கிவிட்டோம். அப்பத்தா கண்திறந்து, 'அதற்குள் வந்தாயிற்றா?' என்றார். அவர் குரலிற் சிறிது ஏமாற்றம் இருந்ததாகவே எனக்குப் பட்டது.

ஏறும் வருத்தம் நீங்கினால் யாத்திரையின் பயனும் நீங்குமோ என்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வினாவன்று. ஸ்பெயின் நாட்டில் மொன்செராட் மலைமீதுள்ள தேவமாதாவின் திருத்தலத்திற்கு 1930 முதலே கம்பிவட ஊர்தி செல்கின்றது. தமிழ்நாட்டிலும் 2024-இல் சோளிங்கர் நரசிங்கப் பெருமாள் மலைக்கும், கரூர்ப் பக்கத்து அய்யர்மலைக்கும் இத்தகைய ஊர்திகள் வந்துள்ளன. சோளிங்கரில் 1,305 படிகள். அய்யர்மலையில் ஆயிரத்துக்கு மேல். இவ்வூர்திகள் இல்லையேல் முதியோரும் நோயாளரும் அடிவாரத்திலிருந்தே கைகூப்ப வேண்டியதுதான். என் பாட்டனார் இருந்திருப்பின், அப்பத்தாவின் முழங்காலைக் கண்டபின் தம் கருத்தைச் சற்றே தளர்த்தியிருப்பார் என்று நம்புகின்றேன்.

எனினும் ஊர்தியால் விளைந்த மற்றொன்றையும் கூறவேண்டும். படியேறுவோன் வேண்டுதலின்றிப் பெரும்பாலும் ஏறான். சீட்டு வாங்கி ஏறும் வழியோ வேடிக்கை பார்ப்பானையும் அழைத்துக்கொண்டு வந்துவிடுகின்றது. என்னையும் அவ்வாறே அழைத்து வந்தது. கொடிமரத்தை அணுகியபோதுதான் அது எனக்கு விளங்கிற்று.

2024 ஜனவரித் திங்களில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பழனிக் கோயிலைப் பற்றிய வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. கொடிமரத்திற்கு அப்பால் இந்துக்களல்லாதார் செல்லலாகாது என்னும் பலகைகளை வைக்கவேண்டும் என்றும், பிற சமயத்தார் ஒருவர் இறைவனைக் காண விரும்பின், அத்தெய்வத்தின்மீது தமக்கு நம்பிக்கையுண்டு, கோயில் வழக்கங்களைப் பின்பற்றுவேன் என்று உறுதிமொழி எழுதித் தரவேண்டும் என்றும் அத்தீர்ப்புக் கூறியது. கோயில் உல்லாசப் பயணத்திற்குரிய இடமன்று என்னும் கருத்தும் அதனுள் உண்டு. இச்செய்தியை யான் முன்னரே நாளிதழிற் படித்திருந்தும், கொடிமரம் கண்ணெதிரே நிற்கும்வரை அது என்னைப் பற்றியது என்று எண்ணினேனல்லேன்.

தோழன் என் கையைப் பற்றி இழுத்தான். 'உன் நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? பேசாமல் வாடா' என்றான். அவன் சொன்னது உண்மைதான். அக்கூட்டத்தில் என் பெயரை யார் கேட்கப் போகின்றனர்? உறுதிமொழி எழுதுவதும் அரிதன்று, நான்கு வரிகளே. நக்கீரர் பாடல் என் மொழியின் பாடல். அதனைக் கற்ற உரிமையால் உள்ளே செல்லலாகாதோ என்றும் ஒரு வாதம் என்னுள் எழுந்தது. ஆயினும் அப்பாட்டு எனக்கு இலக்கியம். அப்பத்தாவுக்கோ அவ்விறைவன் உயிர். நம்பிக்கையுண்டு என்று எழுதினால் அது பொய்யாகும். எழுதாமற் புகுந்தால் அதுவும் பொய்யே. ஜி. யு. போப் ஐயர் தம் முதுமையிலும் உழைத்துத் திருவாசகத்தை மொழிபெயர்த்து 1900-இல் வெளியிட்டார். தாம் கிறித்தவரல்லர் என்று ஓரிடத்தும் காட்டிக்கொண்டாரல்லர்.

அவ்விதி முழுதும் ஏற்புடையதென்று யான் கூறேன். பரங்கிமலையில் மெழுகுதிரி ஏற்றும் இந்துக்களை எவரும் தடுப்பதில்லை. அவர்களிடம் உறுதிமொழி கேட்பாருமில்லை. நம்பிக்கையை ஏட்டிற் பதிந்து அளக்கமுடியும் என்பதும் எனக்கு உடன்பாடன்று. ஆனால் நம் ஆலயத்திலும் திருவிருந்தில் எல்லாரும் பங்குகொள்ள இயலாதன்றோ? அங்கே எல்லை வகுக்கும் நாம், இங்கே எல்லை கண்டு மனம் புழுங்குதல் எங்ஙனம் தகும்? இவ்வாறெல்லாம் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பத்தா என்னை உற்றுநோக்கி, 'நீ உள்ளே வந்தது வீட்டுக்குத் தெரிந்தால் உங்கள் அம்மா வருத்தப்படுவார்களா கண்ணு?' என்று வினவினார். யான் விடை கூறவில்லை. 'அப்படியென்றால் நீ இங்கேயே இரு, நாங்கள் சீக்கிரம் வந்துவிடுகிறோம்' என்று சொல்லித் தம் செருப்பில்லாத கால்களை மெல்ல எடுத்துவைத்து, பேரன் தோளைப் பற்றியவாறு சென்றார்.

ஏறக்குறைய இரண்டு மணிநேரம் வெளியில் அமர்ந்திருந்தேன். வெயில் கடுமையாக இருந்தது. காவடியுடன் வந்த சிறுவன் ஒருவன் என்னருகே அமர்ந்து தன் பாதங்களை ஊதிக்கொண்டிருந்தான். அவன் எவ்வூரினின்று நடந்து வந்தான் என்று கேட்கத் தோன்றிற்று, கேட்கவில்லை.

அவர்கள் மீண்டபோது அப்பத்தாவின் நெற்றி நிறையத் திருநீறு. தோழனுக்கு மட்டும் பூசிவிட்டு, என் கையில் ஒரு பஞ்சாமிர்த டப்பாவைக் கொடுத்தார். விருப்பாட்சி மலைவாழையும் நாட்டுச் சருக்கரையும், நெய், தேன், பேரீச்சை, கற்கண்டு, ஏலமும் சேர்த்துச் செய்யும் அப்பண்டத்திற்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. யான் தயங்கியதை அவர் கண்டார் போலும். விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றைப் பற்றிப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியர்க்கு எழுதியதை அவர் படித்திருக்க வழியில்லை. இருந்தும், 'இது அபிஷேகத்தில் வைத்ததல்ல கண்ணு, கடையில் வாங்கினது. அம்மாவிடம் அப்படியே சொல்லு' என்றார். அதனை இருகைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

இறங்கும்போது அப்பத்தாவை ஊர்தியில் ஏற்றிவிட்டு, யாம் இருவரும் படிவழியே எண்ணிக்கொண்டு இறங்கினோம். இடும்பன் சந்நிதியருகே தோழன் எண்ணிக்கையைத் தவறவிட்டான். யான் அதற்கு முன்னரே ஒருமுறை தவறவிட்டிருந்தேன். அடிவாரத்திற் கணக்குப் பார்த்தபோது எனக்கு 688, அவனுக்கு 702. நிழலில் அமர்ந்து எங்களுக்காகக் காத்திருந்த அப்பத்தா எங்கள் வழக்கைக் கேட்டு, 'அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று' என்றார்.