ஓட்டமும் உரிமையும்

ஆட்டிஸம் தொற்றுநோயன்று, பூர்வஜன்ம சாபமன்று, தாயின் வளர்ப்புக் குற்றமுமன்று. மூளையின் வளர்ச்சியிலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடே அது. இவ்வுண்மையை ஜனங்களிடையே பரப்பவும், நிதி திரட்டவும் நெடுந்தூர ஓட்டங்கள் நடத்துவது இன்று பல தேசங்களில் வழக்கமாகியிருக்கிறது. 2004-ம் வருஷம் ஆரம்பமான மும்பை மாரத்தான் ஓட்டத்தில் ஓடுவோர் பல தர்ம ஸ்தாபனங்களுக்குப் பொருள் சேர்த்துத் தருகின்றனர்.

இவர்கள் வெறும் இரக்கத்திற்குரியவர் என்று எண்ணுவோர் நமது ராமேசுவரக் கடலை நோக்குக. 2022-ம் வருஷம் மார்ச்சு 20-ந் தேதி, ஆட்டிஸம் உடைய 13 வயதுச் சிறுமி ஜியா ராய், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை சுமார் 29 கிலோமீட்டர் தூரத்தை 13 மணி 10 நிமிஷத்தில் நீந்திக் கடந்தார்.

ஆயினும், கை தட்டிக் கலைவதால் யாருக்கு என்ன பயன்? 1995-ம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிஸத்தின் பெயரே இல்லை. 2016-ம் வருஷத்துச் சட்டமோ அதைச் சேர்த்துக்கொண்டது. குறைபாடு நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விசேஷப் பள்ளியிலோ இலவசமாகக் கற்கும் உரிமையையும் அளித்தது.

ஏட்டிலுள்ள உரிமை வீட்டுக்கு வர வேண்டாமா? மதுரையில் ஓட்டம் நடத்த முன்வரும் அன்பர்கள் அதோடு நின்றுவிடலாகாது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிக் கிராமங்களுக்குச் சென்று, பிள்ளையை ஊரார் கண்ணுக்கு மறைத்து வளர்க்கும் தாய்மாருக்கு இச்சட்டத்தை எடுத்துரையுங்கள். பள்ளிக்கூடம் இடம் மறுத்தால் அவர்களுக்குத் துணை நின்று வாதாடுங்கள். ஓட்டத்தின் பலன் அதுவே.