பொதியமலை முதுமரம்

திருப்பத்தூரிலிருந்து சிவகங்கைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது திருக்கோஷ்டியூர். சௌமியநாராயணப் பெருமாள் கோயிலால் புகழ்பெற்ற ஊர் அது. தாம் அரிதிற் பெற்ற மறைபொருளை இராமாநுசர் அக்கோயிலின்மேல் நின்று அனைவர்க்கும் எடுத்துரைத்தார் என்பது வைணவ மரபு. ஊரைச் சூழ்ந்த நிலம் கண்மாய்களும் பனைகளும் செம்மண் மேடுகளும் உடையது; மழை குறைந்தது. இச்சீமையில் ஒரு காலத்தில் பசுங்காடு செழித்திருந்தது என்றால் எளிதில் நம்ப இயலாது. ஆயினும் அதற்குச் சான்று நிலத்தின் அடியிலேயே உள்ளது. சிவகங்கையை அடுத்த பாறை அடுக்குகளில் இலைகளின் தடங்கள் கல்லிற் பதிந்து கிடைத்துள்ளன. அவை 10 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை.

அவ்விலைகள் ஆலுக்கும் வேம்புக்கும் உரியவை அல்ல. அக்காலத்தில் பூக்கும் தாவரங்கள் தலையெடுக்கத் தொடங்கியிருந்தன, அவ்வளவே. சைக்கஸ் போன்ற செடிகளும் ஊசியிலை மர இனங்களுமே காடுகளில் ஓங்கி நின்றன. அவற்றில் பூவும் இல்லை, கனியும் இல்லை, விதை மூடப்படாமல் வெளியே தோன்றும். இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா முதலியன முன்னர்க் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக இணைந்திருந்தன. பின்னர் அது பிளவுபட்டது, இந்தியா வடக்கு நோக்கி நகர்ந்தது, தட்பவெப்பம் மாறியது. பூமரங்கள் பெருகப் பெருகப் பழைய இனங்கள் ஒடுங்கின.

அப்பழங்குடியின் வழிவந்த மரம் ஒன்று தென்னிந்திய மலைகளில் இன்றும் உயிருடன் நிற்கிறது. திருநெல்வேலி மலைப்பகுதியில் அதனை நிரம்பாலி என வழங்குவர். தாவர நூலார் அதற்கு இட்ட பெயர் நாகேயா வாலிசியானா என்பது. கல்கத்தாத் தாவரத் தோட்டத்தைப் பேணிய வாலிக் என்னும் அறிஞரின் நினைவாக அப்பெயர் அமைந்தது. ஊட்டியிலும் கோடைக்கானலிலும் காணும் பைன் மரங்கள் வெளியிலிருந்து கொணர்ந்து நடப்பட்டவை. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை இன மரம் நிரம்பாலி ஒன்றே.

ஊசியிலை இனத்திற் பிறந்தும் அதன் இலை ஊசி போன்றதன்று. அது தடித்து அகன்றது. இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்தது. மாவிலையில் உள்ளது போன்ற நடுநரம்பு அதில் இல்லை. மூங்கிலிலையில் உள்ளவாறு மெல்லிய நரம்புகள் பல இணையாக ஓடும். இலையை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் இவ்வேறுபாடு புலப்படும். பனையைப் போலவே இம்மரத்திலும் ஆண் வேறு, பெண் வேறு. ஆண்மரத்தின் மகரந்தத்தைக் காற்றுச் சுமந்து சென்று பெண்மரத்திற் சேர்க்க வேண்டும். பெண்மரத்தில் சதைப்பற்றுள்ள காம்பின் நுனியில் விதை அமையும்.

நிரம்பாலி வாழும் இடங்களுள் ஒன்று அகத்தியமலைத் தொடர். சங்கப் புலவர் போற்றிய பொதியில் அதுவே. பொருநையாறு பிறப்பதும் அங்கேதான். பாபநாசத்திலிருந்து மேலே செல்லச் செல்லக் காட்டின் தோற்றம் மாறும். அடிவாரத்தில் முட்புதரும் இலையுதிர் மரங்களும் இருக்கும். உயரத்தில் இரு பருவமழைகளாலும் நனைந்த பசுமைமாறாக் காடு தொடங்கும். அங்கே கதிரொளி நிலத்தை அரிதாகவே தொடும். ஈரச் சருகில் அட்டைகள் நெளியும். மரக்கிளைகளில் சிங்கவால் குரங்குகள் தாவும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை முடிக்கு இன்று கேரளத்தின் போனக்காட்டு வழியாக, வனத்துறையின் இசைவு பெற்றுக் குறித்த காலங்களில் மட்டுமே செல்ல இயலும். 2001இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பெற்ற இம்மலைப்பகுதி, 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இக்காவல் காரணமின்றி அமைந்ததன்று. தேயிலைக்கும் ஏலத்திற்குமாக இம்மலைகளிற் பல காடுகள் முன்னர் அழிக்கப்பட்டன. நிரம்பாலியோ தென்னாட்டில் அரிதாகவே காணப்படுவது. அருகிலுள்ள ஆண்மரத்தை வெட்டினால், வெட்டப்படாத பெண்மரமும் வித்தின்றி நிற்கும். மரம் நிற்பதால் மட்டும் இனம் நிலைத்துவிடாது. காடு காடாகவே இருத்தல் வேண்டும்.

சிவகங்கையில் அப்பழங்காடு கல்லாகிவிட்டது. பொதியிலில் அதன் சுற்றம் இன்னும் தளிர்க்கிறது. கல்லான இலையை மீண்டும் பசுமையாக்க எவராலும் இயலாது. தளிர்க்கும் இலையைக் கல்லாகாமற் காத்தல் மனிதரால் இயலும்.