சைனஸ் ஆபரேஷனா? தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி பாலிசியைத் திறந்து பாருங்க

மூக்கடைப்பு, கன்னத்துல கனம், குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினா நெற்றியில வலி. ஆபீஸ் ஏ.சி.யைத் திட்டிக்கிட்டே ரெண்டு வருஷம் ஓட்டியிருப்பீங்க. கடைசியில ஈ.என்.டி. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துட்டு "எண்டோஸ்கோப்பி மூலமா சர்ஜரி பண்ணிடலாம்"னு சொல்றார். நம்ம சேனல் வீடியோ பார்த்துட்டு எழுதின ஒரு தம்பிக்கும் இதே நிலைமைதான். வேலையை ராஜினாமா செஞ்சு நோட்டீஸ் பீரியட்ல இருக்கார். "அண்ணா, புது கம்பெனில சேர்ந்துட்டு ஆபரேஷன் வச்சுக்கலாமா?"ன்னு கேட்டிருந்தார். ஒரு வரியில பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனாலதான் இந்தக் கட்டுரை.

முதல்ல, ஆபரேஷன் என்னன்னு சுருக்கமா பார்த்துடலாம். இதுக்குப் பேர் ஃபெஸ். முகத்துல வெளிக்காயம் கிடையாது. மூக்குத் துவாரம் வழியா மெல்லிய கேமரா குழாயை விட்டு, அடைபட்டிருக்கிற சைனஸ் வாசல்களைத் திறந்து விடுவாங்க. பாலிப் இருந்தா எடுத்துடுவாங்க. பெரும்பாலும் முழு மயக்கத்துலதான் செய்வாங்க, ஒரு ராத்திரி தங்க வேண்டியிருக்கலாம். கண்ணும் மூளையும் பக்கத்துலயே இருக்கிறதால, அரிதா பார்வை பாதிப்பு, மூளைத்திரவக் கசிவு மாதிரி சிக்கல்கள் வரலாம். அதை டாக்டர்கிட்ட நேரடியாவே கேளுங்க, கூச்சப்படாதீங்க. இன்னொண்ணு: ஆபரேஷன் முடிஞ்சா சைனஸ் தொல்லை ஒழிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. பாலிப் திரும்ப வளரலாம், ஸ்பிரேயும் உப்புத்தண்ணி கழுவலும் தொடரும். ஆஸ்துமாவோ ஆஸ்பிரின் ஒவ்வாமையோ இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

இதுல நமக்கு சாதகமான விஷயம் ஒண்ணு இருக்கு. இது அவசர ஆபரேஷன் இல்ல. கண் வீக்கம், பார்வை மங்கல், கடுங்காய்ச்சலோட தலைவலின்னா உடனே ஓடணும், அது வேற. மத்தபடி பொதுவா 12 வாரத்துக்கு மேல நீடிச்சு, மருந்துக்கும் கேட்காதப்பதான் ஃபெஸ் பேச்சே வரும். அதாவது தேதி உங்க கையில இருக்கு. காசு மிச்சமாகிறதும் வீணாகிறதும் அந்தத் தேதியிலதான்.

நீங்களா தனியா எடுக்கிற ஹெல்த் பாலிசியில, குறிப்பிட்ட நோய்களுக்குன்னு ஒரு வெயிட்டிங் பீரியட் இருக்கும், பெரும்பாலும் 24 மாசம். பல பாலிசிகள்ல சைனஸ், மூக்குத் தண்டு வளைவு, பாலிப் எல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கும். டாக்டர் ஆபரேஷன் சொன்ன பிறகு ஓடிப்போய் பாலிசி எடுத்தா இதுக்குப் பிரயோஜனம் இல்ல. மறைச்சு எடுக்கலாம்னும் நினைக்காதீங்க. "எவ்வளவு நாளா இருக்கு?"ன்னு ஆஸ்பத்திரியில கேட்பாங்க, நீங்க "மூணு வருஷமா"ன்னு சொல்லுவீங்க, அது கேஸ் ஷீட்ல ஏறிடும். கிளெய்ம் வர்றப்ப அதைத்தான் முதல்ல படிப்பாங்க.

கம்பெனி குரூப் பாலிசியில இந்த வெயிட்டிங் பீரியடைப் பெரும்பாலும் தள்ளுபடி செஞ்சிருப்பாங்க. ஆனா வேலையை விட்டா, பொதுவா கடைசி வேலை நாளோட அந்தப் பாதுகாப்பும் போயிடும். புது கம்பெனி பாலிசி முதல் நாள்லயே தொடங்குதா, சைனஸுக்கு காத்திருப்பு இருக்கான்னு புது எச்.ஆர்.கிட்ட மெயில்ல கேட்டு, பதிலையும் மெயில்லயே வாங்குங்க. போன்ல சொன்னது கணக்குல வராது.

இப்ப என் சொந்தக் கதை. எனக்கும் இந்த ஆபரேஷன் ஆச்சு. என் குரூப் பாலிசியில அறை வாடகை வரம்பு ஒரு நாளைக்கு 3,000 ரூபாய். அட்மிஷன் கவுன்ட்டர்ல "5,000 ரூபாய் ரூம்தான் சார் காலியா இருக்கு"ன்னாங்க. 2,000 தானே, கையில இருந்து போட்டுக்கலாம்னு தலையாட்டிட்டேன். மொத்த பில் ரவுண்டா 1,20,000. அதுல மருந்தும் டெஸ்ட்டும் 30,000, அறை 5,000, சர்ஜன், மயக்க மருத்துவர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 85,000.

வரம்பு 3,000, நான் எடுத்தது 5,000. அஞ்சுல மூணு பங்கு. அதே விகிதத்துல அந்த 85,000-லயும் வெட்டிட்டாங்க. 51,000 தான் அனுமதி. 34,000 போச்சு, அறையில 2,000 போச்சு. ஒரு ராத்திரி பெரிய ரூம்ல மூக்குல பஞ்சோட படுத்திருந்ததுக்கு 36,000 ரூபாய்! மருந்துக்கும் டெஸ்ட்டுக்கும் இந்த விகித வெட்டு கிடையாது, அதுவரைக்கும் தப்பிச்சேன். அறைக்கு அறை கட்டணம் மாறாத ஆஸ்பத்திரின்னாலும் இந்த வெட்டு வராது. அதை அட்மிஷனுக்கு முன்னாடி கேட்கத் தோணல, அவ்வளவுதான்.

எஸ்டிமேட் வாங்கும்போது எந்த ஆபரேஷன்னு தெளிவா எழுதி வாங்குங்க. பலூன் சைனுபிளாஸ்டின்னு ஒரு முறை இருக்கு. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிப்படி அதை இன்சூரன்ஸ் கம்பெனி முழுசா விலக்க முடியாது, ஆனா சில பாலிசிகள்ல அதுக்குத் தனி உச்சவரம்பு உண்டு. மூக்குத் தண்டு நேராக்குறதையும் சேர்த்து செஞ்சா, சுவாசத்துக்காகன்னு பேப்பர்ல இருக்கணும். அழகுக்குன்னா ஒரு ரூபாய் வராது. ஸ்கேன் பில்லையும் பழைய கன்சல்டேஷன் பில்லையும் தூக்கிப் போடாதீங்க. அட்மிஷனுக்கு முன்னாடி 30 நாள், பின்னாடி 60 நாள் செலவு பல பாலிசிகள்ல வரும். ஆபரேஷனுக்கு அப்புறம் மூக்கைச் சுத்தம் செய்ய நாலஞ்சு தடவை போக வேண்டியிருக்கலாம், அதுவும் இதுல அடங்கும்.

மாசச் சம்பளம் 21,000-க்குள்ள இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்கன்னா, தனியார் ஆஸ்பத்திரிக்கு கடன் வாங்கி ஓடாதீங்க. முதல்ல இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய் ரெஃபரல் கேளுங்க.

அந்தத் தம்பி விஷயத்துக்கு வருவோம். புது கம்பெனி பாலிசியில சேர்க்கவே ஒரு மாசம் ஆகும்னு மெயில் வந்துச்சாம். அதனால நோட்டீஸ் பீரியட் முடிய ஆறு வாரம் இருக்கும்போதே தேதி வாங்கிட்டார். லீவ் எடுத்த நாளுக்கு நோட்டீஸ் பீரியட் நீளுமான்னும் எச்.ஆர்.கிட்ட கேட்டு வச்சிருக்கார். கடைசியா அவர் கேட்டது, எத்தனை நாள்ல லேப்டாப் தொறக்கலாம்னு. எனக்கு டாக்டர் ஒரு வாரம் ரெஸ்ட் சொன்னார், ரெண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாதுன்னார். நாலாவது நாளே மீட்டிங்ல உட்கார்ந்தேன், பாதியிலயே எழுந்து போய் படுத்துட்டேன்.