சீட்டில் எழுதப்படாத கேள்வி

பெங்களூருவில் அல்சூரை அடுத்துள்ள மர்பி டவுனில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்கிருந்து ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் பேருந்திலேயே சென்று வரலாம். ஆயினும் மனநலப் புறநோயாளிக்குக் கடினமானது அப்பயணமன்று. வீடு திரும்பியபின், அடுத்த முறை செல்லும்வரை உள்ள நாட்களே.

எடுத்துக்காட்டாக, தையற்கடையில் பணிபுரியும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். அவர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். தாய் கண்டிக்கிறார், வீட்டில் சச்சரவு மூள்கிறது, நோயும் திரும்புகிறது. இந்நிலையில் மனநல சமூகப் பணியாளர், "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கடிந்துகொள்வதில்லை. "உங்களுக்கு முதலில் எது சரியாக வேண்டும்?" என்று கேட்கிறார். "காலையில் எழ முடியவில்லை, கடைக்குத் தாமதமாகிறது" என்கிறார் இளைஞர். மருந்துச் சீட்டில் இடம்பெறாத செய்தி இது. இளைஞரின் இசைவுடன் இது மருத்துவரிடம் சொல்லப்படுகிறது. மருந்தின் அளவையோ நேரத்தையோ அவர் மாற்றக்கூடும். நோய் மீளும்போது தோன்றும் முன்னறிகுறிகள் தாய்க்கு விளக்கப்படுகின்றன. அடுத்த சந்திப்புக்குள் எதை எட்டுவது என்பதை அனைவரும் சேர்ந்தே முடிவு செய்கின்றனர். நமக்குப் பழகிய மொழியில் கூறினால், சிகிச்சை ஒரு கூட்டுக் கணக்கு; அதில் முதற் கையொப்பம் நோயாளியுடையது.

குடும்பத்தைத் துணையாகக் கொள்ளும் இவ்வழி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து உறவினரையும் நோயாளிகளுடன் தங்கச் செய்தார். பெங்களூருவில் 1954-இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனமும், மைசூர் மாநில மனநல மருத்துவமனையும் 1974-இல் இணைந்து நிம்ஹான்ஸ் உருவானது. மனநல சமூகப் பணிக்கென அங்குத் தனித் துறையே உள்ளது.

நோயாளியின் குரலுக்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வலுவூட்டியுள்ளது. வங்கிக் கணக்குக்கு நியமனதாரரைக் குறிப்பிடுவதை நாம் அறிவோம். அதுபோல, சிகிச்சை தொடர்பான முடிவுகளில் தமக்குத் துணைநிற்க ஒரு பிரதிநிதியை, வயதுவந்த எவரும் வெற்றுத்தாளில் எழுதிக் கையொப்பமோ கைரேகையோ இட்டு நியமிக்கலாம். ஒரு வேறுபாடு உண்டு: வங்கி நியமனதாரரின் பங்கு நம் காலத்துக்குப் பின் தொடங்குவது; இவருடையதோ நாம் வாழும்போதே, நமக்குத் துணை தேவைப்படும் வேளையில்.

உடல்நோய்க்கு ஈடாகவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் விதி. எனினும் பல காப்பீடுகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையின் செலவை மட்டுமே ஏற்கின்றன. ஆகவே, புறநோயாளிச் செலவு தங்கள் காப்பீட்டில் அடங்குமா என்பதை வாடிக்கையாளர்கள் இப்போதே சரிபார்த்துக்கொள்வது நலம்.

எங்குச் செல்வதெனத் தெரியாதோர் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். வீட்டில் ஒருவர் மாத்திரையை ஒதுக்கி வைத்திருந்தால், கண்டிக்குமுன் காரணத்தைக் கேட்போம். அவர் சொல்லும் பதிலை மறவாமல் அடுத்த சந்திப்புக்கு எடுத்துச் செல்வோம்.