குழந்தையின் மூச்சை ஏன் எண்ண வேண்டும்?

இருமுகிற குழந்தைக்கெல்லாம் நிமோனியா இல்லை. அதைக் காட்டிக்கொடுப்பது இருமலின் சத்தத்தைவிட மூச்சின் வேகம்தான். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் சீழும் நீரும் தேங்கினால் ரத்தத்துக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது. அதை ஈடுகட்ட உடல் வேகவேகமாக மூச்சு வாங்குகிறது.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலே அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ராத்திரி என்று பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அங்கே ஆக்சிஜன் கொடுப்பதே உயிரைக் காப்பாற்றலாம்.

நிமோனியாவை நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவும் வரவழைக்கும், ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸும் வரவழைக்கும். பாக்டீரியா என்றால் பெரும்பாலும் அமாக்ஸிசிலின் கொடுப்பார்கள். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடாமல் டாக்டர் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். வைரஸை அது ஒன்றும் செய்யாது. கடையில் கேட்டு வாங்கும் இருமல் சிரப் இரண்டையுமே குணப்படுத்தாது.

நிமோகாக்கஸுக்குத் தடுப்பூசி உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் இலவசமாகவே போடுகிறார்கள்.